கயிறு பிடிப்பவரின் கூலி

உயிருக்கு விலை பேசலாகாது என்பது நம் மரபில் ஊறிப்போன எண்ணம். ஆகவே மருத்துவமனையில் உள்ள உயிர்காப்புக் கருவிகளால் உண்மையில் விளையும் பயன் எவ்வளவு, அந்தப் பயனுக்கு அவற்றின் செலவு தகுமா என்று யாரேனும் கணக்குப் போட முனைந்தால், அவரை ஈரமற்ற கணக்குப்பிள்ளையாகவே பார்க்கிறோம். இலக்கியம் வாசிப்போரிடம் இந்த ஒவ்வாமை சற்றுக் கூடுதலாகவே உண்டு. இக்கட்டுரையில் அந்தக் கணக்குப்பிள்ளையின் பக்கம் நின்று சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம். நாம் கண்ணை மூடிக்கொள்வதால் கணக்கு நின்றுவிடுவதில்லை. நாள்தோறும் அது போடப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. யாருடைய செலவைச் சேர்க்கிறார்கள், யாருடையதை விட்டுவிடுகிறார்கள் என்பதே கேட்கப்பட வேண்டியது. இதைத் தூத்துக்குடி அளவுக்குத் துலக்கமாகக் காட்டும் ஊர் தமிழகத்தில் வேறில்லை என்று நினைக்கிறோம்.

முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற இக்கடற்கரையில், உயிர்காப்புக் கருவி என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பொருள் இருந்தது. ஒரு கல், ஒரு கயிறு, சிப்பி போட ஒரு பை. கல்லின் கனத்தில் கடலடிக்குச் செல்பவர், ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவார். கயிற்றின் அசைவை அறிந்து படகில் இருப்பவர் மேலே இழுப்பார். கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானை வைப்பதே நல்லது, அக்காளின் தாலியை எண்ணி அவன் கண்ணயர மாட்டான் என்பது இப்பகுதியில் நெடுங்காலமாக வழங்கும் பேச்சு. எல்லாப் படகுகளிலும் மச்சான்மார்களே கயிறு பிடித்தார்களா என்பது வேறு விஷயம். கயிற்றின் தரத்தைவிட அதைப் பிடித்திருப்பவனின் கவனமே உயிரைக் காக்கிறது என்னும் தெளிவு அந்தப் பேச்சில் இருக்கிறது.

இக்கரையின் இயற்கை முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. ஆனால் சங்கு குளிப்போர் இன்றும் இருக்கிறார்கள். படகில் ஓடும் கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு அவர்கள் கடலடியில் வேலை செய்கிறார்கள். அந்தக் குழாய் மடங்காமல், இயந்திரம் நிற்காமல் பார்த்துக்கொள்ள மேலே ஒருவர் இருந்தாக வேண்டும். கருவி மாறியிருக்கிறது, மேலே இருப்பவரின் தேவை மாறவில்லை. மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவையும் இதே கண்ணோடு பார்க்கலாம் என்பதே நம் தரப்பு.

தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் ஏற்பாட்டின் பிறப்பே இதற்குச் சான்று. 1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களைக் காப்பாற்ற, உடலைச் சுற்றிப் பொருத்தி நெஞ்சை விரியச் செய்யும் இயந்திரங்கள் சிலவே அங்கு இருந்தன. தொடக்கத்தில் அவ்வாறு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். பையை அமுக்க ஆள் வேண்டுமே! ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலுமாக, மாதக்கணக்கில் அமுக்கினார்கள். இறப்பு விகிதம் படிப்படியாகப் பாதிக்கும் கீழே இறங்கியது. வென்டிலேட்டர் என்று நாம் இன்று சொல்லும் இயந்திரம், அந்த மாணவர்களின் கைகளுக்கு மாற்றாக வந்தது. அவர்களுடைய கண்களுக்கு மாற்றாக எதுவும் வந்துவிடவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020 மே 13 அன்று, பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்கள் வாங்க 2000 கோடி ரூபாய் ஒதுக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்குச் சராசரியாக 4 லட்சம். இவை உள்நாட்டில் தயாரானவை. பெருந்தொற்றின் நெருக்கடியில் அவ்வளவு விரைவாக அவ்வளவு கருவிகளைச் செய்ய முடிந்தது பெருமைக்குரியதே. ஆனால் ஓராண்டு கழித்து, 2021 மே மாதத்தில், சில மாநிலங்களில் இந்த வென்டிலேட்டர்கள் பயன்படாமல் கிடப்பதாக வந்த செய்திகளை அடுத்து, அவற்றின் நிறுவலையும் இயக்கத்தையும் தணிக்கை செய்யுமாறு பிரதமரே உத்தரவிட நேர்ந்தது. கருவியே சரியில்லை என்று ஓரிடத்தில் சொன்னார்கள். பொருத்தித் தர ஆளில்லை என்று வேறோரிடத்திலும், இயக்கத் தெரிந்தவர் இல்லை என்று இன்னோரிடத்திலும் சொன்னார்கள். எந்தக் காரணமானாலும் மூச்சுத் திணறிக் கிடந்தவருக்கு விளைவு ஒன்றுதான்.

இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு எந்நேரமும் ஒரு செவிலியர் அருகில் இருக்க வேண்டும் என்பது தீவிர சிகிச்சையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி. நாளொன்றுக்கு மூன்று முறை வேலை, வாரத்துக்கு இருபத்தொன்று. வார ஓய்வையும் விடுப்பையும் கழித்தால், ஒரு படுக்கைக்கு ஐந்து செவிலியர்கள் தேவைப்படுவார்கள். தமிழக அரசு 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் செவிலியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தபோது மாதச் சம்பளம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தொகை பின்னர் 14,000 ஆகி, 2023-இல் 18,000 ஆனது. இந்தக் குறைந்த ஊதியத்தையே எடுத்துக்கொண்டாலும் ஐந்து பேருக்கு மாதம் 90,000 ரூபாய். நான்கு லட்ச ரூபாய்க் கருவியின் விலை ஐந்து மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிடுகிறது. பத்தாண்டுகள் அந்தக் கருவி உழைத்தால், கயிறு பிடிப்பவர்களின் கூலி ஒரு கோடியே எட்டு லட்சம். மருத்துவர், மருந்து, மின்சாரம், பராமரிப்பு எதையும் இதில் சேர்க்கவில்லை.

நாட்டில் வாங்கப்படும் ஒவ்வொரு கருவியின் விலையும் செய்தியாகிறது. நாடா வெட்டும் படம் வருகிறது. ஒரு கோடியே எட்டு லட்சம் எங்கே இருக்கிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கருவி வாங்குவது ஒரு முறை. ஆள் வைப்பது மாதா மாதம். ஆகவே நன்கொடையாளருக்கும் அரசியல்வாதிக்கும் கருவியே உவப்பானது. ஆள் இல்லாத கருவி நான்கு லட்சத்துக்கும் பெறாது. அது இருக்கிறது என்ற நம்பிக்கையில் தொலைவிலிருந்து கொண்டுவரப்படும் நோயாளிக்கு அதனால் கேடும் விளையலாம்.

ஆள்தான் முக்கியம் என்பதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளே இதைச் சொல்கின்றன. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 861 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியானது. உயரத்தைக் கொண்டு கணித்த உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் என்ற அளவில் ஒவ்வொரு மூச்சையும் தொடங்கும் பழைய வழக்கத்தை, 6 மில்லிலிட்டராகக் குறைத்துப் பார்த்தார்கள். இறப்பு 39.8 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகக் குறைந்தது. கருவி அதேதான். திருகியில் வைக்கும் எண்தான் வேறு. பெரும்பாலும் பிரான்ஸ் நாட்டு மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளை நாளில் பல மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தார்கள். 28 நாட்களுக்குள் இறந்தோர் விகிதம் 32.8-இலிருந்து 16 ஆக, ஏறத்தாழச் சரிபாதியாக, இறங்கியது. இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. குழாய்கள் நழுவாமல் ஓர் உடலைத் திருப்பிப் போட, பயிற்சி பெற்ற நான்கைந்து பேர் வேண்டும். அவ்வளவே.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வங்கதேசத்தின் டாக்காவில், முகமது ஜோபாயர் சிஸ்தி என்ற மருத்துவர் காலி ஷாம்பு பாட்டிலில் நீரூற்றி, அதற்குள் குழாயை அமிழ்த்தி, நிமோனியா கண்ட குழந்தைகளின் நுரையீரலில் சிறு அழுத்தம் நிலைக்குமாறு ஓர் எளிய கருவியைச் செய்தார். 2015-இல் வெளியான அவருடைய ஆய்வில், வழக்கமான முறையில் ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளில் 15 விழுக்காட்டினர் இறந்தார்கள். இந்தக் கருவியில் இருந்தவர்களில் 4 விழுக்காட்டினர் மட்டுமே இறந்தார்கள். மலிவான கருவி, மகத்தான பயன் என்று உலகமே கொண்டாடியது. பின்னர் ஆப்பிரிக்காவின் மலாவியில், ஒரு மாவட்ட மருத்துவமனையில், இதே கொள்கையில் இயங்கும் கருவியை 644 குழந்தைகளிடம் சோதித்தார்கள். அங்கே மருத்துவரின் அன்றாடக் கண்காணிப்பு இல்லை. கருவியில் இருந்த குழந்தைகளில் 17 விழுக்காட்டினர் இறந்தார்கள். சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 11 விழுக்காட்டினர். 2019-இல் இம்முடிவு வெளியானது. இரண்டு ஊர்களிலும் குழந்தைகளின் நிலையும் நோய்களும் ஒன்றாக இருந்தன என்று சொல்ல முடியாது. எனினும் கருவியின் பயன் கருவிக்குள்ளேயே இருக்கிறது என்று நம்புவோருக்கு இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.

கருவியைப் பிடித்திருக்கும் கையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். கருவிக்குள் ஓடும் பொருளைப் பற்றிப் பேசும்போது மறுபடியும் தூத்துக்குடிக்கே வந்து சேர்கிறோம். ஆக்சிஜன் இல்லாவிட்டால் எந்தச் சுவாசக் கருவியும் வெறும் பெட்டி. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தபோது நாடு கற்ற பாடம் அது. ஆக்சிஜன் தயாரித்துத் தருகிறோம், எங்கள் ஆலையைத் திறக்க அனுமதியுங்கள் என்று ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் உரிமையாளரான வேதாந்தா நிறுவனம் உச்சநீதிமன்றத்தை நாடியது. அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளை ஒட்டி, 2018 மே 22, 23 தேதிகளில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் அரசு ஆலையை மூடியது. அந்த மூடலைச் சென்னை உயர்நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் உறுதி செய்திருந்தது.

2021 ஏப்ரல் 23 அன்று ஆட்சியர் அலுவலகத்தில் கருத்துக் கேட்டபோது மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 26 அன்று கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம், ஆக்சிஜனுக்கு மட்டும், நான்கு மாதங்களுக்கு மட்டும் என்று இசைந்தது. 27 அன்று உச்சநீதிமன்றம் ஜூலை 31 வரை அனுமதி அளித்தது. இதைக் கொண்டு நிறுவனம் வேறெந்த உரிமையும் கோர முடியாது என்றும் தெளிவுபடுத்தியது. நாளொன்றுக்கு ஆயிரம் டன் தயாரிக்க முடியும் என்ற பேச்சே அதுவரை ஓங்கி ஒலித்தது. மே 13 அன்று ஆலையிலிருந்து முதலில் புறப்பட்ட டாங்கரில் இருந்தது ஏறத்தாழ ஐந்து டன் திரவ ஆக்சிஜன். உடனேயே பழுது ஏற்பட்டு உற்பத்தி நின்று, சில நாட்களுக்குப் பிறகே மீண்டும் தொடங்கியது. அதன்பின் அனுமதிக் காலம் முடியும்வரை அங்கிருந்து ஆக்சிஜன் சென்றது என்பதையும், அதனால் பிழைத்தவர்கள் இருப்பார்கள் என்பதையும் நாம் மறுக்கவில்லை. தாமிரத்தை உருக்குவதற்காக அமைந்த ஆக்சிஜன் பிரிவு பெருமளவில் வாயுவைத் தரக்கூடியது. மருத்துவமனைக்கு வேண்டியதோ, மைனஸ் 183 பாகைக்குக் கீழ் குளிர்வித்துத் திரவமாக்கி, டாங்கரில் ஏற்றக்கூடிய ஆக்சிஜன். ஆயிரத்துக்கும் ஐந்துக்கும் இடையிலான தூரத்தில் இந்த வேறுபாடும் இருந்தது.

அந்த ஆக்சிஜனைத் தடுத்திருக்க வேண்டும் என்பது நம் வாதமன்று. அந்த வாரங்களில் ஒரு டன்னும் பெரிதுதான். அதன் விலையாக எதை எழுதினோம் என்பதே நம் கேள்வி. மின்சாரம், டாங்கர், ஆட்கூலி எல்லாம் ஏட்டில் ஏறியிருக்கும். மூன்றாண்டுக்கு முன் பிள்ளையைப் பறிகொடுத்தவர், எந்தக் கதவு மூடப்பட வேண்டும் என்று அந்தப் பிள்ளை தெருவில் இறங்கினானோ அந்தக் கதவு திறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேர்ந்தது. நாடே மூச்சுத் திணறும்போது இவர்கள் ஏன் தடுக்கிறார்கள் என்ற பழிச்சொல்லையும் கேட்க நேர்ந்தது. இது எந்த ஏட்டில் ஏறியது?

இத்தனைக்கும் வேறு வழி இல்லாமல் போகவில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் சிறு ஆலைகளை மருத்துவமனை வளாகங்களிலேயே அமைக்க, மத்திய அரசு 2020 அக்டோபரிலேயே ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்தது. மொத்தம் 162 ஆலைகள், செலவு 201.58 கோடி ரூபாய். ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கோடி. 2021 ஏப்ரல் நடுவில், அலை தலைக்குமேல் வந்துவிட்ட நிலையில், நிறுவப்பட்டிருந்தவை 33 என்று மத்திய சுகாதார அமைச்சகமே தெரிவித்தது. அவ்வாண்டு அக்டோபருக்குள் நாடெங்கும் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட ஆலைகளை அமைத்துவிட முடிந்தது என்பதை நினைத்தால், முந்தைய ஆறு மாத தாமதத்தின் விலை என்னவென்று விளங்கும். அந்த விலையின் ஒரு பகுதி தூத்துக்குடி மக்களின் தலையில் விழுந்தது. செலவு-பயன் ஆய்வில் யாருடைய கோணத்திலிருந்து செலவைக் கணக்கிடுகிறோம் என்பதை முதலில் அறிவிக்க வேண்டும் என்பது விதி. அரசுக் கருவூலத்தின் கோணத்தில் மலிவாகத் தெரிவது ஓர் ஊரின் கோணத்தில் தாளாத விலையாக இருக்கலாம். 2024 பிப்ரவரி 29 அன்று உச்சநீதிமன்றம் ஆலையைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அந்த வழக்கு ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தது. கணக்கு இன்னும் சரிபார்க்கப்படவில்லை.

இந்நேரத்தில் ஓர் எதிர்வாதம் எழும். செலவு-பயன் என்று பேசத் தொடங்கினால், விலையுயர்ந்த சிகிச்சையை ஏழைக்கு மறுப்பதற்கு அதுவே சாக்காகிவிடாதா? நியாயமான அச்சம். எக்மோ என்ற சொல்லைத் தமிழர்கள் வீடுதோறும் அறிந்தது 2016 டிசம்பரில், ஜெயலலிதாவின் இறுதி நாட்களில். 2020-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்காக மீண்டும் அதே சொல்லைப் பற்றிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். இருவரும் மீளவில்லை. அதனால் அக்கருவி பயனற்றது என்று சொல்வது அறிவுடைமையாகாது. 2009-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், எக்மோ வசதியுள்ள சிறப்பு மையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் ஆறு மாதங்களுக்குப் பின் பெருங்குறையின்றி உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களில் 47 விழுக்காட்டினர். அவ்வாறு அனுப்பப்பட்ட 90 பேரில் எக்மோவில் வைக்கப்பட்டவர்கள் 68 பேர்தான். எஞ்சியோருக்குக் கிடைத்தது அந்த மையத்தின் கவனிப்பு. ஆகவே பயனில் எவ்வளவு கருவியுடையது, எவ்வளவு கைகளுடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நலமாக வாழும் ஓர் ஆண்டைக் கூட்டித்தர ஆகும் செலவு 19,252 பவுண்டு என்று கணக்கிட்டார்கள். பிரிட்டனின் அளவுகோலுக்கு அது தகும் செலவு. நமக்குத் தகுமா என்பதை நாமே கணக்கிட வேண்டும். அதற்கென்றே 2017-இல் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின்கீழ் ஓர் அமைப்பும் ஏற்படுத்தப்பட்டது. இப்படிப்பட்ட அமைப்பு இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அதன் முடிவுகளை நாளிதழ்கள் விவாதிப்பதும் அரிது.

எதிர்வாதத்துக்கு நம் பதில் இதுதான். வெளிப்படையான கணக்கு இல்லாத இடத்தில் ஏழைக்கு எல்லாம் கிடைத்துவிடவில்லை. அங்கே கணக்கை ஒரு குடும்பம் தனியாக, இரவு இரண்டு மணிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் போடுகிறது. இன்னும் ஒரு நாள் வைத்திருக்க எந்த நகையை அடகு வைப்பது, எந்த நிலத்தை எழுதிக் கொடுப்பது என்று. அதே நாட்களில் மூச்சுக்கருவி பிழைக்க வைக்கிறதா, இறப்பதைத் தள்ளிப்போடுகிறதா என்று அவர்களிடம் யாரும் விளக்குவதில்லை. மீளும் வாய்ப்பே இல்லாதபோது கருவியை விலக்கிக்கொள்ள 2018-இல் உச்சநீதிமன்றம் வழி வகுத்தது. 2023-இல் அந்த நடைமுறையை எளிதாக்கவும் செய்தது. அதைப் பேசும் துணிவு மருத்துவமனைக்கும் இல்லை, நமக்கும் இல்லை. பொதுவில் போடாத கணக்கு ஒழிந்துபோவதில்லை. வலுவில்லாதவரின் மடியில் போய் விழுகிறது.

ஆகவே நாம் கேட்கக்கூடியவை சில உண்டு. அரசு மருத்துவமனைக்கு ஒரு வென்டிலேட்டர் வாங்கும் ஆணையிலேயே அதற்கான ஐந்து செவிலியர் பணியிடங்களும் எழுதப்பட வேண்டும். இல்லையேல் அந்த ஆணையில் கையெழுத்தாகக் கூடாது. ஒவ்வொரு கருவியும் ஆண்டில் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை நாள் பழுதாகிக் கிடந்தது, அதில் வைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள் என்ற விவரம் வெளியிடப்பட வேண்டும். ஆக்சிஜன் ஆலைகளுக்கும் இது பொருந்தும். அவற்றை இயக்கவும் பழுது பார்க்கவும் ஆள் இல்லையென்றால் அடுத்த அலையில் மறுபடியும் யாருடைய கதவையேனும் தட்டவேண்டி வரும். அந்தக் கதவும் இப்படியொரு ஊரில்தான் இருக்கும்.

தூத்துக்குடிக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2000-ஆம் ஆண்டில் வந்தது. மாவட்டத்தின் கடற்கரைக் கிராமங்களிலிருந்தும் உப்பளங்களிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் அதன் மருத்துவமனைக்கு வருவோர், கருவியின் பெயரையோ விலையையோ கேட்டு வருவதில்லை. உள்ளே யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி வருகிறார்கள். அந்த 'யாராவது' பெயரும் பணியிடமும் மாதச் சம்பளமும் உள்ள ஒருவராக இருக்க வேண்டும். அடுத்த முறை நம் ஊர் மருத்துவமனையில் புதுக் கருவி ஒன்றின் திறப்பு விழா நடக்கும்போது, அதன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பாமல், இரவு முறைக்கு யார் என்றும் கேட்டுவிட்டு வருவோம்.